காடு போனது, தூரம் வந்தது
ஹேவாஹெட்ட மலைப்புறக் கிராமங்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

எமது நாட்டின் கல்வித் திணைக்களப் பதிவேடுகளில் பாடசாலைகளுக்குச் சில அடைமொழிகள் உண்டு. 'கஷ்டப் பிரதேசப் பாடசாலை', 'அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை' என்பன அவற்றுட் சில. ஆசிரியர்களின் இடமாற்றத்துக்கும் கொடுப்பனவுக்கும் இவை அவசியமானவை. ஆனால் நாளடைவில் அந்த அடைமொழி பாடசாலையிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து ஊர் மக்களுக்கும் தொற்றிவிடுகிறது. ஹேவாஹெட்ட மலைப்புறத்துக் கிராமமொன்றில் நான் ஆசிரியனாகக் கடமையாற்றுகிறேன். கலாசாலையில் என்னோடு ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்களைக் கண்டியில் எங்காவது சந்திக்க நேர்ந்தால், "இன்னும் அந்தக் காட்டுக்குள்ளதானா சேர்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதில் அன்பும் உண்டு, இரக்கமும் உண்டு. இரண்டுக்கும் நான் நன்றியுடையவன்.

ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு வரலாற்றுச் சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊரைச் சுற்றிக் காடு என்று சொல்லத்தக்கது இன்று அதிகமில்லை. தேயிலை இருக்கிறது. பைனஸ் தோப்பும் யூக்கலிப்டஸ் வரிசைகளும் இருக்கின்றன. மலை உச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் பழைய மழைக்காட்டின் துண்டுகள் சில எஞ்சியிருக்கின்றன. அந்தக் காடு முழுமையாக நின்ற காலத்தில் ஹேவாஹெட்ட யாருக்கும் தூரத்து இடமாக இருக்கவில்லை. ஓர் அரசனே தனது அரண்மனையை இங்கு கொண்டுவந்து வைத்திருந்தான். காடு வெட்டப்பட்டு வீதி போடப்பட்ட பிறகே இது 'தூரத்து ஊர்' ஆனது. இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசனின் மதில்

ஹேவாஹெட்ட என்ற பெயருக்கு, 'ஹேவா' என்றால் போர்வீரன், 'ஹெட' என்றால் அறுபது, ஆகவே அறுபது வீரர்களின் நாடு என்று பொருள் சொல்வதுண்டு. கண்டி இராச்சியத்தில் தலைநகரைச் சூழ்ந்திருந்த 'ரட்ட' எனப்படும் ஆட்சிப் பிரிவுகளில் இதுவும் ஒன்று. இன்று அதன் கீழ்ப்பகுதி பாத்தஹேவாஹெட்ட என்ற பெயரில் கண்டி மாவட்டத்திலும், மேற்பகுதியான உடஹேவாஹெட்ட ஹங்குரன்கெத்தையை மையமாகக் கொண்டு நுவரெலியா மாவட்டத்திலும் அடங்குகின்றன.

1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் கைதியாகி, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இந்நாட்டின் காடுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், அவற்றை மறிக்கும் முட்கதவுகள், அங்கு நிற்கும் காவலாளர்கள், பாதைகளை அகலமாக்குவதை விரும்பாத அரசன் ஆகியவற்றை அவர் விவரிக்கிறார். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கரையோரத்தைக் கைப்பற்றியிருந்த அந்நாட்களில் காடே இராச்சியத்தின் மதிலாக இருந்தது. கண்டி நகருக்கு மேலேயுள்ள உடவத்தகலையைப் போன்று, மக்கள் நுழையவோ வெட்டவோ கூடாதெனத் தடைவிதிக்கப்பட்ட காடுகளும் இருந்தன. 'தஹனம் கலே' என்று அவற்றுக்குப் பெயர்.

1664ஆம் ஆண்டு நிலம்பையில் தங்கியிருந்த இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதிலிருந்து தப்பிய அரசன் நாடிச் சென்ற இடம் ஹங்குரன்கெத்த. 1687இல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கிருந்தே அவன் ஆட்சி செய்தான். பாதுகாப்பான இடம் எது என்று அரசனொருவன் தேடியபோது அவனுக்குத் தென்பட்டது ஹேவாஹெட்டவின் காடும் மலையும்தான். தூதர்களும் அதிகாரிகளும் வரி கொண்டுவருவோரும் இந்த ஒற்றையடிப் பாதைகளால் ஏறி வந்தார்கள். தூரம் என்பது கால்களால் அளக்கப்பட்ட அக்காலத்தில் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே கிடந்த தூரமே பெரிது.

காட்டோரத்து வாழ்க்கை

அக்காலக் கிராமத்தின் அமைப்பை விளங்கிக்கொண்டால்தான் பின்னர் பறிபோனது எது என்பது விளங்கும். பள்ளத்தாக்கின் அடியில் வயல். அதற்குச் சற்று மேலே வீடும் பலா, கமுகு, தென்னை, மிளகு, கோப்பி ஆகியவை கலந்து நின்ற தோட்டமும். அதற்கும் மேலே சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டி எரித்துக் குரக்கனும் சாமையும் விதைக்கும் சேனை. அதற்கும் மேலே எல்லையில்லாத காடு. இந்த நான்கு படிகளும் சேர்ந்ததே ஊர். மழை பிழைத்து வயல் பொய்த்தால் சேனை சோறு போட்டது. சேனையும் பொய்த்தால் காட்டுக் கிழங்கும், கித்துள் மரத்தின் உட்சோற்றிலிருந்து எடுத்த மாவும் உயிரைக் காத்தன. மாடும் எருமையும் காட்டில் மேய்ந்தன. விறகு, கம்பு, பிரம்பு, மூலிகை, தேன், ஏலம் யாவும் அங்கிருந்தே வந்தன. கித்துள் பாணியும் கருப்பட்டியும் இன்றும் எங்கள் பகுதியின் பெருமை.

இதனை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. அட்டையும் பாம்பும் யானையும் பன்றியும் நிறைந்த வாழ்க்கை அது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் செய்யவேண்டிய இராஜகாரியச் சேவை கடுமையானது. சாதிக் கட்டுப்பாடு இறுக்கமானது. காய்ச்சல் வந்தால் ஊர் வைத்தியனை விட்டால் வேறு கதியில்லை. எனினும் அந்த ஊருக்குப் பின்புலமாக ஒரு காடு இருந்தது. நெருக்கடி வந்தால் பின்வாங்கிச் செல்ல ஓர் இடம் இருந்தது.

காட்டில் கிடைக்காத இன்றியமையாத பொருள் ஒன்று உண்டு. அது உப்பு. இங்குதான் எமது முன்னோர் வரலாற்றுக்குள் வருகிறார்கள்.

தவளம்

பொதி சுமக்கும் மாடுகளின் வரிசைக்குத் தவளம் என்று பெயர். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைந்த உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை மாடுகளின் இருபுறமும் பொதியாக ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குள் வருவார்கள். திரும்பும்போது பாக்கு, மிளகு, ஏலம், மெழுகு, கோப்பி ஆகியவற்றைக் கொண்டு செல்வார்கள். இத்தொழிலில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். கண்டி அரசில் போக்குவரத்துக்குப் பொறுப்பான 'மடிகே பத்த' என்ற பிரிவோடு அவர்கள் இணைக்கப்பட்டிருந்ததைக் கலாநிதி லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தமது இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆய்வு நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். முஸ்லிம் வைத்தியர்கள் அரசவையில் பணியாற்றியதையும், சேவைக்காகக் காணி பெற்றுச் சிங்களக் கிராமங்களுக்கிடையே குடியமர்ந்ததையும் அந்நூல் விவரிக்கிறது. கண்டிப் பகுதியின் பழைய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குக் 'கெதர' என்று முடியும் சிங்கள வீட்டுப் பெயர்கள் இன்றும் இருப்பது அந்த உறவின் அடையாளமேயாகும்.

1766ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பிறகு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. கண்டி இராச்சியத்துக்கு உப்பு வரும் வழி அந்நியர் கைக்குப் போனது. அந்த நெருக்கடியின்போதும் மலைக் கிராமங்களுக்கு உப்பைச் சுமந்து வந்தவை தவள மாடுகளே. ஆகவே மழைக்காட்டுக்குள் இருந்த ஊர் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்தது என்று எண்ணுவது தவறு. பாக்கு இந்தியாவுக்குப் போயிற்று. இந்தியத் துணி மலைக்கு வந்தது. பாதை ஒற்றையடிப் பாதைதான். ஆனால் அது ஊரின் ஊடாகச் சென்றது. இடைத்தங்கலுக்குத் தவளக்காரனுக்கு ஊர் தேவைப்பட்டது, உப்புக்கு ஊருக்குத் தவளக்காரன் தேவைப்பட்டான். இந்தச் சமனிலைதான் பின்னர் குலைந்தது.

கோப்பியும் இப்பாதையால்தான் முதலில் இறங்கியது. வெள்ளைக்காரர் தோட்டம் போடுவதற்கு முன்பே கண்டிக் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களில் கோப்பி இருந்தது. சிங்கள மக்கள் அதன் பூவை விகாரைகளில் காணிக்கையாக வைத்தார்கள். கொட்டையை முஸ்லிம் வியாபாரிகள் வாங்கிக் கரையோரத்துக்குக் கொண்டுபோனார்கள். பெருந்தோட்டங்கள் வந்த பிறகும் பல ஆண்டுகள்வரை இந்த 'நாட்டுக் கோப்பி' ஏற்றுமதியில் கணிசமான பங்கை வகித்தது. கோப்பியைத் துரைமார்தான் இம்மலைகளுக்கு அறிமுகம் செய்தார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்தது வேறு. காணியைப் பற்றிய ஒரு புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

ஐந்து சிலிங் காடு

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1820களில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், 1825இல் கண்ணொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு அங்கு கோப்பி உற்பத்தி சரிந்ததும், 1835இல் பிரித்தானியாவில் இறக்குமதி வரி சமப்படுத்தப்பட்டதும் இலங்கைக் கோப்பிக்குப் பெரும் வாய்ப்பைத் திறந்தன. அதற்குக் காணி வேண்டும். மலைக்காடு யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம் அதற்கு விடை கூறியது. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. கண்டிப் பிரதேசங்களில் சேனை நிலமும் இதற்குள் அடங்கியது. சன்னஸ் எனப்படும் அரச சாசனமோ, வரி செலுத்தியதற்கான ஆதாரமோ உள்ளவன் மட்டும் தப்பலாம். தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டி வந்தவனின் உரிமை ஊராரின் ஞாபகத்தில் இருந்ததேயன்றிக் காகிதத்தில் இருக்கவில்லை. நிரூபிக்கும் பொறுப்பை ஏழையின் தலையில் சுமத்திய சட்டம் அது. நான்கு படிகள் கொண்ட கிராமத்தின் மேலிரண்டு படிகளும் ஒரே எழுத்தில் பறிபோயின.

அந்தக் காடு ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் அது ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. வாங்கியவர்களில் ஆளுநரும் நீதிபதிகளும் படை அதிகாரிகளும் சிவில் உத்தியோகத்தர்களும் அடங்குவர். சட்டத்தை இயற்றியவர்களும் அதனை நடைமுறைப்படுத்தியவர்களும் காணியை வாங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே கூட்டத்தார்.

மழைக்காட்டை அவர்கள் வீழ்த்திய முறை விசித்திரமானது. மலையின் அடிவாரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு மட்டும் வெட்டிக்கொண்டு மேலே செல்வார்கள். உச்சியை அடைந்ததும் அங்குள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழேயுள்ளவற்றின்மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மேல் விழ, கொடிகளால் பின்னிக் கிடந்த மலைச்சரிவு முழுவதும் பெருமுழக்கத்தோடு ஒரேயடியாகச் சாயும். சில வாரங்கள் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். நூற்றாண்டுகள் வளர்ந்த காடு சில தினங்களில் சாம்பலாகும். கோடரி பிடித்தவர்களில் கிராமத்துச் சிங்கள மக்களும் இருந்தார்கள். தமது சேனைக் காடு வேறொருவனின் தோட்டமாவதற்குக் கூலிக்கு வெட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அதன் பின் ஊருக்கு மேலே வேலி வந்தது. முன்பு காட்டில் மேய்ந்த மாடு இப்போது கோப்பிக்குள் நுழைந்தால் பிடித்துக் கட்டப்பட்டது. அபராதம் கட்டி மீட்கவேண்டியதாயிற்று. 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதிக்கப்பட்டது. ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்தவேண்டும் எனப்பட்டது. மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியின் காரணங்களுள் இவை முக்கியமானவை. தான் நடந்து போகாத வீதிக்கு, தன் காட்டைப் பறித்தவனின் கோப்பி இறங்கும் வீதிக்கு, கிராமத்தான் கல் சுமந்தான்.

வேலைக்கு ஆட்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் ஏராளம். தமிழில் அந்த உலகத்தைப் பாட வந்த ஆரம்ப நூல்களுள் ஒன்று ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. அது 1869இல் வெளிவந்தது.

பத்தொன்பது ஏக்கர்

1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து பதினாறு வயதைக் கடந்திருந்த ஓர் இளைஞர் ஹேவாஹெட்டவுக்கு வந்தார். அவர்தான் ஜேம்ஸ் டெய்லர். லூல்கந்துர தோட்டத்தில் அவர் நாற்பதாண்டுகள் இருந்தார். 'லூலா' என்றால் விரால் மீன், 'கந்துர' என்றால் ஓடை. விரால் ஓடை என்ற அந்தப் பெயரிலேயே பழைய காட்டின் ஈரம் இருக்கிறது.

1867இல் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வர்த்தக நோக்கோடு செய்யப்பட்ட முதல் தேயிலைப் பயிர்ச்செய்கை அது. பங்களாவின் விறாந்தையில் வைத்துக் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பு மூட்டி வாட்டிப் பழகினார். 1872இல் தொழிற்சாலை அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. அதே 1867இல்தான் கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை வந்தடைந்தது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். வண்டிப் பாதை தவளத்தைத் தளரச் செய்தது, புகையிரதம் அதன் கதையை முடித்தது. தவள மாட்டை நம்பியிருந்த முஸ்லிம் குடும்பங்கள் தோட்டச் சந்திகளில் சில்லறைக் கடை போட்டன, அல்லது சிறு காணிகளில் பயிர்செய்யத் தொடங்கின. மலைநாட்டுச் சந்திக் கடைகளின் வரலாற்றை யாராவது எழுதப் புகுந்தால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருநோய் காணப்பட்டது. 1870களின் இறுதியில் ஏறத்தாழ இரண்டேமுக்கால் இலட்சம் ஏக்கரில் பரவியிருந்த கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. கிராமத்தவரின் வீட்டுத் தோட்டக் கோப்பியும் தப்பவில்லை. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். தொழிற்சாலையும் முதலும் இல்லாத கிராமத்தவனுக்கு அவ்வாறு மாற வழியிருக்கவில்லை. கையில் காசு தந்த ஒரே பயிரையும் அவன் இழந்தான். நூற்றாண்டு முடியுமுன் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதில்லை என்று 1870களில் எடுக்கப்பட்ட தீர்மானத்தால்தான் உச்சிகளில் சிறிதாவது எஞ்சியது.

டெய்லர் 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே இறந்தார். அவரது உடலைத் தொழிலாளர்கள் இருபத்து நால்வர் இரு பிரிவுகளாக மாறி மாறித் தோளில் சுமந்து கண்டி மஹய்யாவை மயானத்துக்குக் கொண்டு சென்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு 2017இல் ஆங்கிலத்தில் ஒரு விரிவான நூலும் வெளிவந்தது. அவர் அமர்ந்து மலையைப் பார்த்த கல்லாசனத்தைக் காண வெளிநாட்டவர் இன்றும் வருகிறார்கள். சுமந்து சென்ற அந்த இருபத்து நால்வரின் பெயர்கள் நமது பாடப் புத்தகங்களில் இல்லை.

போப்பிட்டியில் பிறந்த புலவர்

டெய்லர் தேயிலை நடுவதற்கு ஓராண்டு முன்னர், 1866இல், தெல்தோட்டைப் பக்கத்துப் போப்பிட்டிக் கிராமத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் என்று அறியப்பட்டவர் அவர். கல்விக்காகத் தமிழகம் சென்றவர். 'கண்டிக் கலம்பகம்', 'சந்தத் திருப்புகழ்' முதலிய நூல்களை யாத்தவர். 1918இல் மறைந்தார். இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. நான் இங்கு சுட்ட விரும்புவது அவர் பிறந்த இடத்தையும் காலத்தையும்தான்.

கலம்பகம் என்பது பல்வகை உறுப்புகளையும் பாவினங்களையும் கலந்து பாடவேண்டிய கடினமான பிரபந்தம். அதனைக் கண்டியின் பெயரால் பாடியவர் ஒரு நகரத்துக் கலாசாலையின் நிழலில் பிறந்தவரல்லர். கோப்பித் தோட்டம் பின்னர் சரிந்து, தேயிலை ஏறவிருந்த ஒரு மலைச்சரிவில் பிறந்தவர். கித்தாபும் தமிழ் யாப்பும் அந்த ஊருக்குள் வந்துசேரும் வழி அப்போது திறந்தே இருந்தது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது புலவருக்கு வயது பதினாறு. நாகூர், காயல்பட்டினம், யாழ்ப்பாணம், கண்டி என்று நீண்டிருந்த ஓர் இலக்கிய வலைப்பின்னலில் மலையோரக் கிராமமும் ஒரு கண்ணியாக இருந்தது. 'கஷ்டப் பிரதேசம்' என்ற முத்திரையைப் போப்பிட்டியின்மேல் குத்திவிட்டு இதனை விளங்கிக்கொள்ள முடியாது.

எனது மாணவர்களிடம் டெய்லரைப் பற்றிக் கேட்டால் கடகடவென்று சொல்கிறார்கள். பாடத்தில் இருக்கிறது. பக்கத்து மலையில் பிறந்த புலவரைப் பற்றிக் கேட்டால் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. கல்லாசனத்துக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. கலம்பகத்துக்கு வழிகாட்ட ஆளில்லை.

வீதி யாருக்காக?

தேயிலைத் தோட்டத்து வீதி தனக்கென ஒரு தர்க்கத்தை உடையது. மலையிலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து புகையிரத நிலையத்துக்கும் குறைந்த செலவில் சரக்கு இறங்கவேண்டும் என்பதே அது. ஊர்களை இணைப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. எங்கள் ஊரைப் பாருங்கள். பஸ் வண்டி மேலே தோட்டத்து வீதியில் போகிறது. ஊர் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. கர்ப்பிணியும் நோயாளியும் தேயிலைக்கு நடுவே செங்குத்தான படிகளில் ஏறித்தான் வாகனத்தைப் பிடிக்கவேண்டும். தவளப் பாதை ஊருக்குள் வந்து போனது. தோட்டத்து வீதி ஊரின் தலைக்கு மேலால் போகிறது. ஒற்றையடிப் பாதைக் காலத்தில் வழித்தங்கலாக இருந்த ஊர், தார் வீதிக் காலத்தில் ஒதுக்குப்புறமானது இவ்வாறுதான்.

1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்து 1840இன் பணியைத் தொடர்ந்தது. கிராமங்கள் தோட்டங்களுக்கிடையே நெருக்குண்டு, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் காணியின்றித் தவித்தன. சுதந்திரத்தின் பின், 1949இல் நியமிக்கப்பட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. காணியின்மையும் பாதையின்மையும் கல்விக் குறைவும் அதில் பதிவாயின.

ஆனால் வரலாறு ஒரு பக்கத்தின் துயரத்தை மட்டும் கொண்டு எழுதப்படக் கூடாது. அந்த அறிக்கைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்குபோட்டது. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு ஏறக்குறைய முடிவு கண்ட சட்டம் 2003இல்தான் வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் நிகழ்ந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. இவ்வளவுக்கும் பிறகு லயத்து மக்களில் பெரும்பாலானோருக்குத் தாம் குடியிருக்கும் நிலம் சொந்தமில்லை.

தோட்டத்து மக்கள் கிராமத்தை 'நாடு' என்பார்கள், கிராமத்தவரை 'நாட்டார்' என்பார்கள். கிராமத்தவர் அவர்களை வந்தேறிகள் என்று நினைத்தார்கள். காட்டைப் பறித்தவன் தொலைவில் இருந்தான், அவன் நட்டதைப் பறித்துக் கொடுத்தவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தார்கள். கோபம் அருகில் இருந்தவர்கள்மேல் பாய்ந்தது. இடையில் கடை வைத்திருந்த நாம் இரு தரப்பினரோடும் கணக்கு வைத்திருந்தோம், கடனும் கொடுத்தோம், சில வேளைகளில் அதிக இலாபமும் வைத்தோம். கொப்பி எழுதும் கணக்கில் எமது பங்கையும் நேர்மையாகப் பதியவேண்டும். காணியை இழந்த சிங்களக் கிராமத்தவன், பாதையை இழந்த முஸ்லிம் தவளக்காரன், பிரஜாவுரிமையை இழந்த தமிழ்த் தொழிலாளி ஆகிய மூவரின் பேரப்பிள்ளைகளும் ஒரே மலையில் வாழ்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டனின் இழப்பை மட்டுமே கேட்டு வளர்கிறது.

சரிவு

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நாட்டில் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம். மலைகள் சரிந்தன, வீதிகள் துண்டிக்கப்பட்டன. நாட்கணக்கில் நகரத்துக்கும் மலைப்புறத்துக்கும் தொடர்பு இல்லாமற் போயிற்று. அந்நாட்களில் எங்கள் மலைப்புறம் உண்மையிலேயே தூரத்து இடமாக இருந்தது.

காடு இருந்திருந்தால் ஒரு மலையும் சரிந்திராது என்று நான் வாதிட வரவில்லை. அவ்வளவு மழை ஒருசேரக் கொட்டினால் காட்டு மலையும் சரியக்கூடும். ஆயினும் சில விடயங்களை மறக்க முடியாது. கோப்பிக் காலத்தில் புல் பூண்டின்றி நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக்கும் முறையே நல்ல விவசாயம் எனப்பட்டது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடையில் இறங்கியது. பின்னர் தேயிலை வந்தது. வயலும் தோட்டமும் போதாத மக்கள் சரிவுகளில் வெட்டித் தட்டாக்கி வீடு கட்டினார்கள். லயங்களோ தோட்ட நிர்வாகம் எங்கே இடம் ஒதுக்கியதோ அங்கேயே கட்டப்பட்டன. ஆபத்தான சரிவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மழை தீர்மானிப்பதில்லை. 1840இலிருந்து தொடரும் காணிப் பங்கீடு தீர்மானித்தது. மண்சரிவு எச்சரிக்கை வரும்போது "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்கிறார்கள். பாதுகாப்பான இடம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று அந்த அறிவித்தலில் இருப்பதில்லை.

எழுதவேண்டியவை

நொக்ஸின் நூல் அச்சிலிருக்கிறது. டெய்லரின் கடிதங்கள் காப்பகத்திலிருக்கின்றன. ஆளுநர்களின் அறிக்கைகள் சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. மலையை ஆண்டவனும் வாங்கியவனும் எழுதி வைத்தார்கள். மலையில் வாழ்ந்தவர்கள் எழுதி வைத்தவை எங்கே?

முற்றிலும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. பழைய வீடுகளில் உறுதிகள் இருக்கின்றன. அரபுத்தமிழில் எழுதிய கையெழுத்துக் கிதாபுகள், பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்கள், கடைக் கொப்பிகள், மையவாடிகளின் மீஸான் கற்கள் இருக்கின்றன. லயத்து வீடுகளில் கங்காணியின் துண்டுகளும் இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. சிங்கள வீடுகளில் சன்னஸும் வைத்திய ஏடுகளும் இருக்கின்றன. நவம்பர் மழையில் எத்தனை வீடுகளோடு இவற்றுள் எத்தனை மண்ணுக்குள் போயினவோ, அல்லாஹ்வே அறிவான்.

எங்கள் பாடசாலையில் உயர் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தமது வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு எழுதவேண்டும். இந்த ஊருக்கு யார் முதலில் வந்தார்கள், எவ்வழியால் வந்தார்கள், இந்தக் காணி எப்படிக் கிடைத்தது, மேலே எதுவரை காடு இருந்ததாகக் கேள்வி, அங்கிருந்து வீட்டுக்கு என்னென்ன வந்தன என்பவையே அவை. முஸ்லிம் பிள்ளைகளும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பதால் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கிறார். அருகிலுள்ள சிங்களப் பாடசாலையின் வரலாற்று ஆசிரியரும் இதே கேள்விகளைத் தமது மாணவர்களிடம் கொடுக்க இணங்கியுள்ளார். இதுவரை சேர்ந்தவை நாற்பது தாள்களுக்குமேல் இருக்கும். அவற்றில் பல ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. முரண்படட்டும். மாவனல்லை, அக்குறணை, கலகெதரை, கம்பளை என்று மலைநாட்டின் ஏனைய ஊர்களில் உள்ள ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இதே ஐந்து கேள்விகளைத் தமது ஊர்களிலும் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். எண்பதைக் கடந்த உம்மும்மாக்களும் அப்பாமாரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்பதென்றால் இந்த வருடமே கேட்கவேண்டும்.